பக்கத்தில் புதுச் சங்கு கிடக்க, நண்டு ஏன் அடுத்ததன் சங்கைப் பிடுங்குகிறது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். வீட்டுத் தொட்டியில் மூன்று துறவி நண்டுகள், அதாவது காலிச் சங்கில் குடியிருக்கும் நண்டுகள். கடையிலிருந்து வந்தபோது மூன்றுமே வண்ணம் பூசிய சங்குகளில் இருந்தன. இப்போது இரவானால் பெரியது சின்னதின் மேல் ஏறிக்கொண்டு, சங்கோடு சங்கை மோதி உலுக்குகிறது. சின்னது உள்ளே ஒடுங்கிக் கிடக்கிறது. மூன்றாவது ஒரே இரவில் பலமுறை சங்கு மாற்றுகிறது. வாங்கிப் போட்ட புதுச் சங்குகள் பக்கத்திலேயே கிடந்தும் பெரியது அவற்றைச் சீண்டுவதில்லை. இது சண்டையா, பண்டமாற்றா? பிரித்து வைக்க வேண்டுமா?

பெரியது செய்வது சண்டைதான். ஆனால் அதைப் பொல்லாத நண்டு என்று ஒதுக்கி வைத்தால் பிரச்சினை தீராது. வண்ணச் சங்கில் அடைத்து விற்கும் இடங்களில் எந்த நண்டுக்கு எந்தச் சங்கு பொருந்தும் என்று யாரும் பார்ப்பதில்லை. பெரிய நண்டு சின்னச் சங்கிலும், சின்ன நண்டு தொளதொளவென்று பெரிய சங்கிலும் வந்து சேர்ந்திருக்கும். உங்கள் தொட்டியில் நடந்திருப்பது அதுதான் என்று நினைக்கிறேன். தன் உடம்புக்கு ஏற்ற சங்கு சின்னதிடம் இருப்பதைப் பெரியது கண்டுபிடித்துவிட்டது. மூன்றாவதன் கதை வேறு, அதற்குப் பிறகு வருகிறேன்.

சங்கு இதற்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை அதன் உடம்பு சொல்லும். முன்பாதி மற்ற நண்டுகளைப்போல ஓடு மூடிய உடம்பு. பின்பாதி வெறும் மென்தசை, அதுவும் சுருண்டது. நாம் இடம்புரி என்று சொல்லும் சாதாரணச் சங்கின் சுழலுக்கு ஏற்றபடி அந்த வயிறு வளைந்திருக்கும். அதன் நுனியில் இருக்கும் கொக்கிபோன்ற உறுப்பால் சங்கின் நடுத்தண்டைப் பற்றிக்கொள்கிறது. பத்துக் கால்களில் கடைசி இரண்டு ஜோடி குட்டையாகச் சுருங்கி, சங்கின் உட்சுவரில் ஊன்றிக்கொள்ளப் பயன்படுகின்றன. அமெரிக்கக் கடைகளில் அதிகம் விற்கப்படும் கரீபியன் வகையான சீனோபிட்டா கிளிப்பியேட்டஸுக்கு இடக் கொடுக்கு ஊதா நிறத்தில் பெரிதாக இருக்கும். உள்ளே இழுத்துக்கொண்டதும் அந்தக் கொடுக்குதான் கதவு. தரையில் வாழ்ந்தாலும் இவை செவுள்களால் சுவாசிப்பவை, செவுள் காயக்கூடாது. சங்குக்குள் கொஞ்சம் தண்ணீரைச் சேமித்துத் தூக்கிக்கொண்டு திரிவது அதற்காகத்தான். ஆக, சங்கு போனால் கவசமும் போயிற்று, தண்ணீர்க் குடமும் போயிற்று.

ஆனால் சங்கைச் செய்வது நண்டல்ல, ஒரு கடல் நத்தை. அது செத்து, ஓடு கரை ஒதுங்கினால்தான் நண்டுக்கு வீடு. நண்டு தோலுரித்துத் தோலுரித்து வளரும், சங்கு வளராது. அதனால் ஆயுள் முழுக்க அடுத்த அளவைத் தேடிக்கொண்டே இருக்கவேண்டிய பிறவி இது. பஞ்சம் எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு பெர்முடா தீவு உதாரணம். அங்கே ஒரு பெரிய நத்தை இனம் அற்றுப்போனபின், பெரிய துறவி நண்டுகள் மணற்பாறைப் படிவுகளிலிருந்து உதிர்ந்த புதைபடிவச் சங்குகளை மாட்டிக்கொண்டு திரிந்தன. ஆயிரக்கணக்கான ஆண்டு பழைய வீடுகள்!

சண்டையில்லாமல் சங்கு மாறுவதை ஒருமுறையாவது கிட்டத்திலிருந்து பாருங்கள். விளக்கை அணைத்துவிட்டு மங்கலான சிவப்பு வெளிச்சத்தில் பார்த்தால் கூச்சப்படாது. முதலில் உணர்கொம்புகளால் சங்கைத் தட்டித் தடவும். பிறகு கால்களுக்கிடையில் வைத்து உருட்டி, வாய்ப்பக்கத்தைத் தன்பக்கம் திருப்பும். கொடுக்கை உள்ளே விட்டு, கையெட்டும் மட்டும் துழாவும். ஆழம் பார்க்கிறது, அடைப்பிருக்கிறதா என்றும் பார்க்கிறது. மணல் இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி வெளியே போடும். சில சமயம் இந்தச் சோதனை மணிக்கணக்கில் நீளும். திருப்திப்பட்டால் பழைய சங்கின் வாயைப் புதியதன் வாய்க்கு நேரே கொண்டுவந்து, உடம்பை உருவி, வயிற்றை ஒரே வீச்சில் உள்ளே நுழைக்கும். கண் சிமிட்டினால் தவறவிடுவீர்கள். நுழைந்தபின்னும் பழைய சங்கைக் கொடுக்கால் பிடித்தபடியே கொஞ்ச நேரம் இருக்கும். உள்ளே ஆடிப் பார்க்கும், தூக்கி நடந்து பார்க்கும். ஒத்துவரவில்லை என்றால் மறுபடி பழையதற்கே தாவிவிடும். இப்படி இரண்டு மூன்று தடவை போய்வருவதெல்லாம் ஆரோக்கியமான நண்டின் வேலை, கவலைப்பட ஒன்றுமில்லை.

இனி சண்டை. நீங்கள் கேட்ட ‘சண்டையா, பண்டமாற்றா’ என்ற கேள்வியையே விலங்கியலாளர்களும் கேட்டிருக்கிறார்கள். 1978இல் பிரையன் ஹாஸ்லெட் என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைப் பேரம் என்று பார்க்கலாம் என்றார். பெரிய நண்டு சின்னச் சங்கிலும் சின்னது பெரிய சங்கிலும் இருந்தால், மாற்றிக்கொள்வதில் இரண்டுக்குமே லாபம். சங்கோடு சங்கை மோதுவது ‘மாற்றிக்கொள்ளலாமா’ என்ற சேதி, தனக்கு நஷ்டமென்றால் மற்றது மறுத்துவிடும் என்பது அவர் கருத்து. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் எல்வுட், மார்க் பிரிஃபா ஆகியோர் ஐரோப்பியக் கடற்கரைகளில் வாழும் கடல் துறவி நண்டுகளை வைத்து நெடுங்காலம் ஆராய்ந்தார்கள். அவர்கள் கண்டது வேறு. தாக்கும் நண்டு சரமாரியாக மோதும், நிறுத்தும், மறுபடி மோதும். ஓங்கி மோதுவதும், இடைவெளி குறைத்து மோதுவதும்தான் ஜெயிக்கின்றன. தனக்கு நஷ்டம் என்றாலும், தாங்கமுடியாதபோது உள்ளே இருப்பது பிடியை விட்டுவிடுகிறது. தாக்கியது அதைக் கொடுக்கால் பிடித்து வெளியே இழுத்துப்போட்டு, காலியான சங்கில் புகுந்துகொள்கிறது. தோற்றதற்கு மிஞ்சுவது ஜெயித்தது கழித்துப்போட்ட சங்கு.

என் கணிப்பும் எல்வுட் பக்கம்தான். தொட்டியில் பார்ப்பதை வைத்துச் சொல்கிறேன், பேரம் பேசுகிற நண்டின் நடத்தை இப்படி இருக்காது. சின்னது உள்ளே ஒடுங்கிக் கிடப்பது யோசிப்பதற்காக அல்ல, பிடியை விடாமல் இருப்பதற்காக. சில சமயம் கிரீச்சென்று ஒரு சத்தமும் கேட்கும். சில வேளை முடிவு இரண்டுக்கும் நல்லதாக அமைந்துவிடலாம். உங்கள் வீட்டிலும் அப்படி முடிய வாய்ப்புண்டு. ஆனால் அதை நம்பிச் சும்மா இருக்காதீர்கள். சண்டை முற்றினால் கால் போகும், சில நேரம் உயிரும் போகும்.

புதுச் சங்கு கிடக்க அடுத்ததன் சங்கு எதற்கு என்பதற்குத்தான் எனக்கு மிகவும் பிடித்த விளக்கம் இருக்கிறது. மார்க் லைட்ரே என்பவர் கோஸ்டாரிகாவின் பசிபிக் கரையில் சீனோபிட்டா கம்ப்ரெஸ்ஸஸ் என்ற தரைவாழ் இனத்தை ஆராய்ந்து 2012இல் வெளியிட்ட முடிவு அது. தரைவாழ் துறவி நண்டுகள் கிடைத்த சங்கை அப்படியே வைத்துக்கொள்வதில்லை. உள்ளிருக்கும் நடுத்தண்டையும் சுவரையும் அரித்துக் குடைந்து, சங்கை விசாலமாக்கிக்கொள்கின்றன. சில சங்குகளில் உள்ளிடம் இருமடங்காகிறது. எடை குறைகிறது, பெண் நண்டுக்கு முட்டை வைத்துக்கொள்ள அதிக இடம் கிடைக்கிறது. இந்த வேலை ஒரு நண்டோடு முடிவதில்லை. ஒன்று குடைந்ததை இன்னொன்று வாங்கி மேலும் குடைய, அதை மற்றொன்று அனுபவிக்கும். இப்படிப் பல கை மாறிய சங்குதான் உசத்தி. நத்தை செத்ததும் கிடைக்கும் புதுச் சங்கு கனமாகவும் குறுகலாகவும் இருப்பதால் வளர்ந்த நண்டுக்கு லாயக்கில்லை. நல்ல வீடு வேண்டுமென்றால் இன்னொரு நண்டிடமிருந்துதான் கிடைக்கும். எங்காவது இரண்டு மூன்று நண்டுகள் முட்டி மோதிக்கொண்டால் மற்றவையும் அங்கே ஓடிவருவது இதனால்தான். யாராவது வெளியேற்றப்படலாம், ஒரு நல்ல சங்கு காலியாகலாம்.

உங்கள் வீட்டு நண்டு வேறு இனமாக இருக்கலாம். ஆனாலும் பழக்கம் உறவுக்கார இனங்களுக்குப் பொதுவானது. ஆகவே ஒரு நண்டு கழித்த பழைய சங்கை அழுக்காக இருக்கிறது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இறந்த நண்டின் சங்கையும் கொதிக்கவைத்துக் கழுவித் திரும்பத் தொட்டியில் வையுங்கள். கடையில் வாங்கிய பளபளப்பான சங்கைவிட அதற்குத்தான் கிராக்கி இருக்கும்.

வரிசையாக நின்று சங்கு மாற்றும் காட்சியைப் பலரும் காணொளிகளில் பார்த்திருப்பீர்கள். அது உண்மைதான். பெரிய சங்கொன்று காலியானால் ஒரு நண்டு அதில் குடியேறும், அது விட்டதில் அடுத்தது, அதற்கடுத்தது என்று சங்கிலித்தொடராகப் போகும். இந்தக் காலியிடச் சங்கிலியை நியூயார்க்கைச் சேர்ந்த இவான் சேஸ் 1980களிலேயே கடல் துறவி நண்டுகளில் விவரித்தார். கரீபியன் தரை நண்டுகளில் ராண்டி ரோட்ஜனும் குழுவினரும் பெலிஸ் நாட்டுத் தீவொன்றில் கண்டு 2010இல் எழுதியது இன்னும் சுவையானது. தனக்குப் பெரிதான சங்கைக் கண்ட நண்டு, போய்விடாமல் பக்கத்திலேயே காத்திருக்கிறது. வேறொன்று வருகிறது, அதுவும் காத்திருக்கிறது. ஒன்றன்மேல் ஒன்று பற்றிக்கொண்டு பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசை கட்டுகின்றன. பொருத்தமான அளவுள்ள நண்டு வந்து பெரிய சங்கில் ஏறியதும், சில நொடிகளில் மொத்த வரிசையும் ஒரு படி மேலே போகிறது. மூன்றே நண்டுகள் உள்ள தொட்டியில் இதை எதிர்பார்க்க முடியாது. வரிசைக்கு வேண்டிய அளவு வித்தியாசமும் எண்ணிக்கையும் அங்கே இல்லை.

சங்குத் தேடலில் வாசனைக்கும் பெரிய பங்குண்டு. இறந்த துறவி நண்டின் தசை வாடை அடித்தால் உயிரோடிருப்பவை கூட்டமாக வந்து மொய்க்கின்றன என்பதையும் லைட்ரே குழுவினர் கோஸ்டாரிகாவில் சோதித்துக் காட்டினார்கள். தின்பதற்காக அவை வருவதில்லை. சாவு என்றால் காலிச் சங்கு, அதற்காக வருகின்றன. இந்த இயல்பே இன்று அவற்றுக்கு எமனாகிறது. இந்தியப் பெருங்கடலின் கோகோஸ் தீவுகளிலும் பசிபிக்கின் ஹெண்டர்சன் தீவிலும் கரையொதுங்கிய பிளாஸ்டிக் பாட்டில்களுக்குள் புகுந்து, வெளியே ஏறிவர முடியாமல் சிக்கி, ஏறத்தாழ 5,70,000 துறவி நண்டுகள் மாண்டிருக்கலாம் என்று ஜெனிஃபர் லேவர்ஸ் தலைமையிலான குழு கணக்கிட்டது. ஒன்று செத்தால் அதன் வாடை அடுத்ததை அழைக்கிறது, அதுவும் அதே பாட்டிலில் விழுகிறது. படிக்கும்போதே மனம் கனத்துப்போகும் தகவல் இது. உங்கள் தொட்டிக்கு இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: எல்லா நண்டுகளும் திடீரென்று ஒரே நேரத்தில் பரபரத்துச் சங்கு தேடினால், தொட்டியில் அழுகிய மீன் நாற்றம் அடிக்கிறதா என்று முகர்ந்து பாருங்கள்.

இப்போது மூன்றாவது நண்டு. ஒரே இரவில் பலமுறை மாற்றுவது, தினமும் மாற்றுவது என்று போனால் அது எந்தச் சங்கிலும் நிம்மதியாக இல்லை என்று பொருள். முதலில் தண்ணீரைச் சந்தேகப்படுங்கள். சங்குக்குள் சேமிக்கும் நீர் சரியில்லாவிட்டால் வயிறு எரியும், மாற்றிக்கொண்டே இருக்கும். இரண்டு கிண்ணம் வேண்டும்: ஒன்றில் குளோரின் நீக்கிய நல்ல தண்ணீர், இன்னொன்றில் கடல் மீன் தொட்டிகளுக்கென விற்கும் உப்பைக் கரைத்த கடல் உவர்நீர். சமையல் உப்பு கூடாது. கிண்ணங்கள் நண்டு முழுக அளவு ஆழமாகவும், ஏறிவர வழியோடும் இருக்கவேண்டும். அடுத்து ஈரப்பதம். 75 முதல் 85 சதவீதம் வேண்டும். வெப்பம் 24 முதல் 29 டிகிரி செல்சியஸ். கம்பி வலைக் கூண்டில் வைத்திருந்தால் இதெல்லாம் நடக்காத காரியம், மூடிபோட்ட கண்ணாடித் தொட்டிக்கு மாற்றுங்கள். இவை இரண்டும் சரியென்றால் சங்குக்குள் கூர்மையான துணுக்கோ, சிறு சிலந்திப்பேன்களோ இருக்கின்றனவா என்று பாருங்கள். தோலுரிக்கும் காலம் நெருங்கினாலும் சில நண்டுகள் சங்குக் கடையில் பேரம் பேசுவதைப்போல ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்கும்.

என்ன சங்கு வாங்குவது? அளவெடுக்க வேண்டியது சங்கின் உயரத்தை அல்ல, வாயை. நண்டு உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்போது பெரிய கொடுக்கின் அகலத்தைக் கண்ணால் மதிப்பிடுங்கள். வாய் அந்த அகலமோ, அதைவிடச் சில மில்லிமீட்டர் கூடுதலோ இருக்கலாம். கொடுக்கு வாயை அடைக்காமல் வெளியே துருத்திக்கொண்டிருந்தால் சங்கு சிறிதாகிவிட்டது என்று அர்த்தம். கரீபியன் ஊதாக் கொடுக்கனுக்கு வட்ட வாயுள்ள டர்போ வகைச் சங்குகள் பிடிக்கும். கம்ப்ரெஸ்ஸஸ் போன்ற சில இனங்கள் நெரைட் சங்கைப்போல அரைவட்ட வாயையே விரும்பும். நீங்கள் போட்ட புதுச் சங்குகளைப் பெரியது ஒதுக்குவதற்கு வாயின் வடிவம் காரணமாக இருக்கலாம் என்பது என் ஊகம். ஒரு நண்டுக்கு மூன்று முதல் ஐந்து சங்கு என்ற கணக்கில், இப்போதைய அளவிலும் அதற்கடுத்த அளவுகளிலுமாகக் கலந்து போடுங்கள். ஓட்டை விழுந்தது, விளிம்பு உடைந்தது, நாற்றமடிப்பது வேண்டாம். கொதிக்கவைத்து, முற்றிலும் ஆறியபின் வையுங்கள்.

இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கன்னியாகுமரியிலும் ராமேஸ்வரத்திலும் கடைகளில் கிடைக்கும் சங்கெல்லாம் வாங்கத்தக்கது அல்ல. பெரிய பச்சை டர்போ உட்பட சில இனங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகின்றன. கடற்கரையில் பொறுக்கிக்கொண்டு வருவதும் அங்குள்ள நண்டுகளின் வீட்டைத் தூக்கிவருவதே. அந்தமான், லட்சத்தீவுக் கரைகளிலுள்ள தரைத் துறவி நண்டுகளைப் பிடித்துவந்து வளர்ப்பது பற்றியும் சிலர் கேட்கிறார்கள். செய்யாதீர்கள். இவற்றின் குஞ்சுகள் கடலில் மிதந்து வளர்ந்து, பிறகுதான் கரையேறும். வீட்டில் இனப்பெருக்கம் செய்யவைப்பது மிகமிகக் கடினம். உலகம் முழுக்கக் கடைகளில் விற்கப்படுபவை ஏறக்குறைய எல்லாமே கடற்கரையில் பிடித்தவைதான்.

வண்ணம் பூசிய சங்குகளை எடுத்துவிட வேண்டும். ஆனால் கையால் அல்ல. நண்டைச் சங்கிலிருந்து இழுத்தால் அது பிய்ந்துபோகுமே தவிரப் பிடியை விடாது. 2009இல் எல்வுட் ஒரு சோதனை செய்தார். சங்குக்குள் லேசான மின் அதிர்ச்சி கொடுத்தபோது, பிடிக்காத வகைச் சங்கில் இருந்தவை எளிதில் வெளியேறின, பிடித்த வகையில் இருந்தவை வலியைப் பொறுத்துக்கொண்டன. சங்கின்மேல் இதற்கு அவ்வளவு பற்று. இயற்கைச் சங்குகளைப் போட்டுவிட்டுக் காத்திருங்கள். நண்டு தானாக மாறியதும் வண்ணச் சங்கை எடுத்துவிடுங்கள், உரிந்த வண்ணத் துணுக்குகளை அது தின்னாமல் இருக்கும்.

பிரிப்பதா என்ற கேள்விக்கு: சரியான சங்குகள் போட்டபின்னும் ஒரு வாரத்துக்குமேல் பெரியது விடாமல் அதே சின்னதைத் துரத்தினால் பிரித்து வைக்கலாம். அதற்குமுன் தேவையில்லை. விதிவிலக்கு ஒன்று, சின்னது தோலுரித்து மேலே வந்திருந்தால். புதுத்தோல் கெட்டிப்படும்வரை அதற்குத் தற்காப்பே கிடையாது. மற்ற நண்டுகள் கடித்தே தின்றுவிடக்கூடும். மண்ணுக்கடியில் தோலுரித்துக்கொண்டிருப்பதை மட்டும் தோண்டி எடுக்காதீர்கள், வாரக்கணக்கில், பெரிய நண்டானால் மாதக்கணக்கில்கூட அங்கே இருக்கும். அதற்கு மணலும் தென்னை நார்த்தூளும் ஐந்துக்கு ஒன்று என்று கலந்து, கைப்பிடித்தால் உருண்டையாக நிற்கும் ஈரத்தில், குறைந்தது 15 சென்டிமீட்டர் ஆழம் தேவை. உணவில் உலர்ந்த இறால், மீன்போலப் புரதம் சேர்ந்திருந்தால் சண்டை வெறியும் குறையும்.

ஒருநாள் காலையில் சின்னது சங்கில்லாமல் வெறும் உடம்போடு நிற்கக் கண்டால் பதறவேண்டாம், ஆனால் தாமதிக்கவும் கூடாது. சின்ன டப்பா ஒன்றில் ஈரமான தென்னை நார்த்தூளைப் பரப்பி, அது கடைசியாக இருந்த சங்கையும் அதே அளவில் மூன்று நான்கு சங்குகளையும், உள்ளே கொஞ்சம் உவர்நீர் ஊற்றிக் குலுக்கி வடித்தபின், வாய் மேற்புறமாகப் படுக்கவையுங்கள். நண்டைக் கரண்டியால் ஏந்தி அங்கே விட்டு, மூடி, இருட்டாக, கதகதப்பாக வைத்துவிட்டு அந்த இடத்தைவிட்டுப் போய்விடுங்கள். எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது பயந்து நுழையாது. பெரும்பாலும் சில மணிநேரத்தில் ஏதாவதொன்றில் ஏறிவிடும். ஏறியபின்னும் ஓரிரு நாள் தனியாகவே இருக்கட்டும். அதற்குள் பெரியதற்கு வேண்டிய சங்கைத் தேடி வாங்கிவிடுங்கள்.